மணி பேங்குக்கு அடியில் ஒரு தலை

ஜொகூர் பாருவில் மணிக்கூண்டு வைத்த பேங்கு ஒன்று நிற்கிறதே, அதைக் கட்டியவன் நான்தான்.

பொய். நான் அங்கே சாரத்தில் சுண்ணாம்பு வாளி தூக்கினவன். கீழே கிளம்பும்போது வாளி நிறைய இருக்கும். மேலே போய்ச் சேரும்போது பாதி என் மண்டையில் இருக்கும். என் பெயர் சடையன். அந்தப் பெயருக்கும் என் மண்டைக்கும் பிறந்ததிலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. முடி இல்லாத மண்டையில் சுண்ணாம்பு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் மழை வந்தால் அங்கேதான் முதலில் அரிக்கும்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒருவர், "நீ சொல்வதில் எது நிஜம், எது புளுகு?" என்று கடுதாசி போட்டிருக்கிறாராம். சவரக்கடை நடராசன் படித்துக் காட்டினார். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் அவர்தான். நல்ல தமிழெல்லாம் அவருடையது, மற்றதெல்லாம் என்னுடையது. கேட்டவருக்குப் பதில்: இந்த வாரம் எல்லாமே நிஜம். புளுகுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். எனக்கு முழங்கால் வலி.

உருண்டு வந்தது

அன்று காலை தூறல். கடல் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து, கட்டடத்தின் மேல் பாதியைக் காணோம். நான் கீழே சுண்ணாம்புத் தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். நீற்றின சுண்ணாம்பின் நெடி தெரியும் அல்லவா, மூக்கில் ஏறினால் கண்ணில் இறங்கும்.

மேலே பலகையில் 'தொம்' என்று ஒரு சத்தம். அப்புறம் இன்னொரு பலகையில். அப்புறம் என் காதோரம் காற்றடித்துக்கொண்டு ஒரு தலை வந்து ரோட்டில் விழுந்தது.

முழிச்ச கண். முறுக்கு மீசை. வெளியே தள்ளிய நாக்கு. உருண்டு போய் எதிரே கோப்பிக்கடை வாசல்படியில் மோதி இரண்டாகப் பிளந்தது. சிவப்பாகத் தண்ணீர் வழிந்து சாக்கடையில் இறங்கியது.

கோப்பிக்கடை முதலாளி, சீனத் தவுக்கே, தோளில் துண்டோடு வெளியே வந்தார். ரோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாக மேலே பார்த்தார். மூட்டத்துக்குள்ளே சாரத்து மூங்கிலில் ஒரு ஆள் கையை விரித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். காக்கிச் சட்டை, கால்சட்டை எல்லாம் சரியாக இருந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"அலமாக். கெப்பாலா தடா லா," என்றார். தலை இல்லையே என்கிறார். அவ்வளவுதான், கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து அடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அது பூசணிக்காய் என்று எனக்குத் தெரியும். அந்த மீசையை வரைந்தவனே நான்தான். இருந்தும் ஒரு நிமிஷம் என் மண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நம் ஆட்கள் வீடு கட்டினால் திருஷ்டி பொம்மை கட்டாமல் இருப்போமா. பழைய துணியில் வைக்கோலை அடைத்து, பூசணிக்காயில் அரக்கன் முகம் எழுதித் தலையாக வைத்து, குங்குமத்தைக் குழைத்து நாக்குக்குத் தடவி உச்சியில் தொங்கவிட வேண்டும். ஊர்க் கண்ணெல்லாம் அதன் மேல் போகட்டும் என்று. கங்காணி மாயாண்டி அதில் ரொம்பக் கறார். மழையில் கயிறு ஊறி இளகிவிட்டது, தலை கழன்றுவிட்டது. சங்கதி இவ்வளவுதான்.

ஆனால் கங்காணி அதோடு விட்டாரா. உடைந்த திருஷ்டிக்காயை யாரும் மிதித்துவிடக் கூடாது, மிதித்தவனைப் பிடிக்கும் என்பது நம் வழக்கம். அலறி அடித்து ஓடி வந்தார். துண்டுகளைச் சாக்கில் அள்ளினார். சிவப்பு சொட்டச் சொட்டத் தூக்கிக்கொண்டு போய், பேங்குச் சுவர் ஓரம் வெட்டியிருந்த குழியில் போட்டு, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தினார்.

பலகை இடுக்கு வழியாகத் தவுக்கே பார்த்துக்கொண்டிருந்தார். தவுக்கே மட்டுமா, அந்தத் தெருவே பார்த்தது.

முதலைக்குப் போட்டி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நடராசன் கை வலிக்கிறது என்கிறார். கத்தியைப் பிடிக்கிற கைக்குப் பேனா கனக்குமாம்.

எங்கள் மணி பேங்கு வருவதற்கு முன்னால் அந்தத் தெருவில் தூண் பேங்கு ஒன்றுதான். வெள்ளைக்காரர்களுடையது. வாசலில் யானைக்கால் மாதிரி தூண்கள். உள்ளே போனால் செருப்பே தானாகக் கழன்றுவிடும், அப்படி ஒரு மிரட்டல். எதிர்ச் சாரியில் சீனத் தவுக்கேமார் சேர்ந்து புதுசாக ஒரு பேங்கு எழுப்பினதும் தூண் பேங்குக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. இவர்கள் ஒரு மாடி ஏற்றினால் அவர்கள் மொட்டை மாடியில் கொடிமரம் நட்டார்கள். இவர்கள் மணிக்கூண்டு என்றார்கள், அவர்கள் கொடிமரத்தை மாற்றி இன்னும் நெட்டையாக ஒன்று நட்டார்கள். கீழே சுண்ணாம்பு கிளறுகிற எங்களுக்கு, இரண்டும் நம் தலைமேல் விழாமல் இருந்தால் போதும்.

தூண் பேங்குக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அதன் இரும்பு அறைக்கு அடியில் முதலை இருக்கிறதாம். செகெட் ஆற்றிலிருந்து சாக்கடை வழியாகக் குட்டியாக வந்து, அங்கேயே வளர்ந்து, திருட வந்தவனின் காலைக் கவ்வுமாம். பார்த்தவர்கள் யாரும் இல்லை. நம்பாதவர்களும் இல்லை. "ஆட்டுக்கால் வாங்கிட்டுப் போனான்லா அந்த பியூன், யாருக்குன்னு நெனைக்கிற?" என்று கள்ளுக்கடையில் பேசுவார்கள்.

எங்கள் பேங்குக்கு ஒரு பல்லிகூட இல்லை.

அப்புறம் அந்தக் காலத்துப் பயத்தையும் சொல்ல வேண்டும். கடலில் கல்லைக் கொட்டி சிங்கப்பூருக்குப் பாதை போட்டார்களே, அப்போதே ஆரம்பித்தது. பெரிய கட்டு எழும்பினால் அடியில் மனுஷத் தலை வைக்காமல் நிற்காதாம். தலைவெட்டி சாக்கோடு அலைகிறான் என்று மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லோரும் பொழுது சாய்வதற்குள் பிள்ளைகளை உள்ளே இழுத்துப் பூட்டுவார்கள். என் அம்மா மட்டும் என்னைக் கூப்பிட மாட்டாள். "உந்தலையில என்னடா இருக்கு, அவன் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவான்," என்பாள்.

ஆகவே சாக்கு, சிவப்பு, குழி, தலை இல்லாத உடம்பு. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மறுநாள் சாரத்தில் ஏற ஒருவன்கூட வரவில்லை. கீழ்க்கட்டில் பேங்கு அப்போதே நடந்துகொண்டிருந்தது. அங்கே பணம் போட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எடுத்து, தெருவைக் குறுக்கே கடந்து, முதலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஒட்டுப் போட்ட சட்டை

இதெல்லாம் சிரிப்பு. சிரிப்பில்லாதது, பொம்மை போட்டிருந்த சட்டை.

அது காத்தானுடையது. என்னோடு வாளி தூக்கியவன். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் மத்தியானம், சட்டையைக் கழற்றி மூங்கிலில் மாட்டிவிட்டு, வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவன்தான். தண்ணீர் குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தோம். வரவே இல்லை.

பொம்மைக்குத் துணி தேடியபோது கங்காணி அந்தச் சட்டையை எடுத்து என்னிடம் எறிந்தார். "ஓடிப்போன நாயோட சட்டைதானே. இதாவது மேல நின்னு வேலை செய்யட்டும்," என்றார்.

காத்தானின் பெண்சாதி அஞ்சலை. எங்களோடு மணல் சுமந்தவள். புதைத்தது காத்தான் தலைதான் என்ற வதந்தி கேட்டு, கூலிக்காரர்கள் குடியிருந்த வரிசை வீடுகளிலிருந்து நடந்தே வந்தாள். மழை நின்று மூட்டம் கலைந்திருந்தது. சாரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"அது எங்க வீட்டுச் சட்டை. முதுகுல இருக்கிற ஒட்டு நான் போட்டது."

"பொம்மை புள்ள அது. வெறும் வைக்கோலு," என்றார் கங்காணி.

"பொம்மை தெரியுது கங்காணி. எங்க வீட்டு ஆளு எங்க?"

கங்காணி என்னைப் பார்த்தார். நான் தொட்டியைப் பார்த்தேன். தொட்டிக்கும் தெரியவில்லை.

நான் ஏறிப்போய் சட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்து கொடுத்தேன். வைக்கோலை உதறினாள். முகர்ந்து பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

வரிசையில் பொம்பளைகள் சும்மா இருப்பார்களா. "தாலிய அவுத்துரு, ஆத்மா அலையும்," என்று ஒருத்தி. "பொணம் பாக்காம எப்படி அவுக்குறது?" என்று ஒருத்தி. ஒரு கல்யாணத்துக்கு அவளை முன்னால் கூப்பிட்டார்கள். அடுத்த கல்யாணத்தில் பின்னால் உட்காரச் சொன்னார்கள். அவள் தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாள் என்னிடம் சொன்னாள்: "செத்தாருன்னா செத்தாருன்னு ஒரு ஆளு நேருல சொல்லட்டும். இருக்காருன்னா இருக்காருன்னு சொல்லட்டும். இப்படி நடுவுல என்னால நிக்க முடியல."

தலையோடு கொண்டு வாரும்

மணி பேங்கின் பெரிய கிராணியார், அதாவது தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, கன்னத்தில் எப்போதும் பல்வலி. என்னை உள்ளே கூப்பிட்டார். அந்தத் தரையில் என் கால் சுண்ணாம்பு அச்சு அச்சாகப் பதிந்தது. வாசல் காவலுக்கு நிற்கிற ஜாகா பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தான்.

"காத்தான் எண்டவனை உமக்குத் தெரியுமோ?"

"தெரியும் ஐயா."

"உயிரோடை இருக்கிறானோ?"

"போகும்போது இருந்தான் ஐயா."

"மெர்சிங்கிலை கண்டதா ஒரு கருவாட்டு லொறிக்காரன் சொல்லுறான். நீர் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாரும். எங்கடை வாசல்லை நிப்பாட்டி சனத்துக்குக் காட்ட வேணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தலையோடை."

அந்த லாரியிலேயே ஏறினேன். கோத்தா திங்கி தாண்டி, ஆறு வந்தால் மிதவையில் லாரியை ஏற்றி, இறக்கி, மறுபடி காடு. போகும்போது வெறும் லாரிதான், ஆனால் வாசனை இறங்க மாட்டேன் என்கிறது. மெர்சிங் போய்ச் சேர்ந்தபோது பூனைகள் என்னைப் பார்த்து எழுந்து நின்றன.

காத்தான் படகுத்துறையில் பாயில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தான்.

"யாரு, சடையனா? மண்டைய வச்சே கண்டுபுடிச்சிட்டேன்."

"நீ செத்துட்டடா."

"எப்ப?"

"நீ போன மறு வாரம். மணி பேங்குக்கு அடியில கெடக்குற. தலை மட்டும்."

"ஒடம்பு?"

"அதைப் பத்தி யாரும் கேக்கல."

விழுந்து விழுந்து சிரித்தான். நான் மிச்சத்தையும் சொன்னேன். சீனர்கள் அந்தச் சுவரோரம் ஊதுபத்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். நம்மவர்கள் அங்கே வந்ததும் செருப்பைக் கழற்றுகிறார்கள். கங்காணிகூட 'காத்தான் சாமி' என்கிறார். அவன் சிரிப்பு மெல்ல நின்றது.

"உசுரோட இருந்தப்ப அந்தாளு என்னை நாயேன்னுதான்டா கூப்புட்டான்."

"கெளம்பு, போலாம். வாசல்ல நின்னு தலையக் காட்டிட்டு வந்துரு."

அவன் ஒரு மீனைத் திருப்பிப் போட்டான். "சண்டை கிண்டை ஒண்ணும் இல்லடா. ஒரு நாளு மேல நின்னு கடலைப் பாத்தேன். வாளியக் கீழ வச்சேன். திரும்பத் தூக்கத் தோணல. அவ்ளோதான்."

"அஞ்சலைகிட்ட என்ன சொல்ல?"

"பாத்தேன்னு சொல்லு. இல்லன்னா பாக்கலன்னு சொல்லு. உனக்கு எது வருதோ அதைச் சொல்லு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கும் வாளி தூக்கித் தூக்கித் தோள் போயிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஈயை விரட்டிக்கொடுத்துவிட்டு, அதே லாரியில் திரும்பினேன். இந்தத் தடவை லாரி நிறையக் கருவாடு.

அவள் கேட்டது

கிராணியாரிடம் போவதற்கு முன்னால் அஞ்சலையிடம் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். வழியெல்லாம் நல்ல நல்ல பொய்யாக யோசித்து வைத்திருந்தேன். அவள் நிமிர்ந்து பார்த்ததும் ஒன்றும் வரவில்லை.

"இருக்கான். நல்லாத்தான் இருக்கான். வரமாட்டேங்கிறான்."

கழுநீரை ஊற்றினாள். இன்னொரு தண்ணீர் விட்டுக் களைந்தாள்.

"சட்டை போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தான்."

"புதுசா?"

"பழசுதான். தோளுல ஒட்டு."

"எப்படி ஒட்டு?"

சொன்னேன். நீல நூல், பொடித் தையல், ஓரமெல்லாம் மடக்கி அழகாக. அந்த வேலையைக் காத்தான் செய்திருக்க முடியாது. அவனுக்கு ஊசியில் நூல் கோக்கவே ஆள் வேண்டும். அது எனக்கு மெர்சிங்கில் உறைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அவளுக்குக் கேட்கும்போதே உறைத்திருக்கிறது.

"நல்லா தைக்கிறவ போல," என்றாள். அரிசியை உலையில் போட்டாள்.

கிராணியாரிடம் போனேன்.

"கண்டனீரோ?"

"கண்டேன் ஐயா."

"தலை?"

"இருந்துச்சு ஐயா."

"பிறகேன் கொண்டு வரேல்லை?"

"காலும் இருந்துச்சு ஐயா. அதுதான் வரமாட்டேன்னுடுச்சு."

மனுஷன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, தெரு நிறைய ஆள் நடமாடுகிற நேரம். அஞ்சலை தலை குளித்து, கழுத்தில் தாலி இல்லாமல் வந்தாள். கங்காணி பூசணிக்காயைப் புதைத்த இடத்தில் அந்தக் காக்கிச் சட்டையை மடித்து வைத்து, அதன் முன்னால் சூடம் கொளுத்தினாள். கிராணியார் கோட்டைப் போட்டும் போடாமலும் வெளியே ஓடி வந்தார்.

"பிள்ளை, உம்முடைய புருசன் உயிரோடை மெர்சிங்கிலை இருக்கிறான். இந்தாள் கண்டிருக்கிறான். சனத்துக்குச் சொல்லும்."

தெரு முழுக்க அவள் வாயைப் பார்த்தது. கோப்பிக்கடைத் தவுக்கே துடைத்த குவளையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க வீட்டு ஆளு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதா," என்றாள் அஞ்சலை. "இங்கதான் இருக்காரு."

பெண்சாதியே சொன்ன பிறகு என்ன இருக்கிறது. கிராணியார் உள்ளே போய்விட்டார். பேங்கு இழுத்து மூடப்படும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. ஊர் இரண்டு நாள் யோசித்தது. முதலை என்ன இருந்தாலும் முதலை, பசித்தால் யார் காலையும் கவ்வும். மனுஷத் தலை அப்படியா. அதற்கு ஆள் தெரியும், விசுவாசம் இருக்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் சூடம் காட்ட ஆள் வேறு இருக்கிறது. போன பணம் ஒவ்வொன்றாகத் தெருவைக் கடந்து திரும்பி வந்தது. முதலில் வந்தவர் கோப்பிக்கடைத் தவுக்கே. தூண் பேங்குக்காரர்கள் கொடிமரத்துக்குச் சாயம் அடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் எடுபடவில்லை.

வெள்ளிக்கிழமைகள்

அஞ்சலை இப்போது ஊருக்கு வெளியே தம்போயில் என் வீட்டில்தான் இருக்கிறாள். மாட்டுக்கொட்டகை அவள் பொறுப்பு, பால் ஊற்றுவது என் பொறுப்பு. நான் கேட்டபோது முதலில் முடியாது என்றாள், அப்புறமும் முடியாது என்றாள், பிறகு ஒரு நாள் தானாக வந்து சரி என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஊரு பூரா புளுகுறீங்க. எங்கிட்ட மெர்சிங் கதை மட்டும் புளுக வரல," என்றாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை தவறுவதில்லை. பஸ் ஏறிப் போவாள். சூடம் நான் கொண்டுபோக வேண்டும். உயிரோடு இருக்கிறவனுக்குச் சூடம், அதைச் சுமக்கிறவன் அவளுடைய இரண்டாவது புருஷன். உலகத்தில் எனக்கென்று ஒதுக்கி வைத்த வேலைகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும். ஒரு தடவை கேட்டுவிட்டேன், "அவன்தான் உசுரோட இருக்கானே, எதுக்கு இது?" என்று.

"எனக்கு இல்லையே," என்றாள்.

அதற்கு மேல் நான் கேட்டதில்லை. இதை வெளியில் எழுதலாமா என்று நடராசன் கேட்கிறார். எழுதுங்கள். படிக்கிறவர்கள் ஊரில் போய்ச் சொன்னாலும் யாரும் நம்பப் போவதில்லை. பேங்கில் பணம் போட்டவன் முதலில் அடிப்பான்.

ஆனால் சென்ற மழைக்காலத்தில் ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமைதான். அவள் சுவரைப் பார்த்துக் குனிந்து சூடம் கொளுத்திக்கொண்டிருந்தாள். நான் குடை பிடித்துக்கொண்டிருந்தேன், பாதி என்மேல், பாதி சூடத்தின் மேல். மெர்சிங்கிலிருந்து வந்த பஸ் நின்றது. ஒரு ஆள் இறங்கினான். தலை நரைத்திருந்தது. தலை இருந்தது.

நேரே பேங்குக்கு எதிரே வந்து நின்றான். மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தான். பிறகு சுவரோரம் பார்த்தான், சூடம், பூ, ஊதுபத்தி, குனிந்திருக்கிற ஒரு முதுகு. தொப்பியைக் கழற்றினான். என்னைப் பார்த்தான். நான் குடையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

அஞ்சலை எழுந்து திரும்பினாள். அவன் வாயைத் திறந்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் அவன் சட்டையைப் பார்த்தாள். தோளில் நீல நூல் ஒட்டு பிரிந்து தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் தைத்துக் கொடுக்காமல். அவள் ஒரு அடி எடுத்து வைத்து,

"என்னங்க, நடராசன் அண்ணனைப் புடிச்சு உக்கார வச்சா எந்திரிக்கவே மாட்டீங்களா? இன்னைக்கு வெள்ளிக்கிழமை. பஸ்ஸு போயிரும். சூடத்த எங்க வச்சீங்க?"

அஞ்சலைதான். கொட்டகைப் பக்கமிருந்து கூப்பிடுகிறாள். நடராசன் பேனாவை மூடிவிட்டார். சூடம் என் மடியில்தான் இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், முழங்கால்தான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.